ஆயரின் நெஞ்சில் குத்திய மேளகாரன்

ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த முதல் குளிர்கோட் செத்துப்போன ஒருவருடையது. அகதி முகாமுக்குப் பக்கத்தில் இருந்த தேவாலயத்தில் பழைய உடுப்புகளை மேசையில் குவித்துவைத்து, வரிசையில் வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது முழங்காலுக்குக் கீழே தொங்கும் பச்சைக் கம்பளிக் கோட். கொடுத்த பெண் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டி, அதன் சொந்தக்காரர் போய்விட்டார் என்று விளங்கப்படுத்தினாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கு இனிக் குளிராது.

கோட்டின் பையில் ஓட்டை. அதன் வழியாக உட்துணிக்குள் விழுந்து கிடந்த ஏதோ ஒன்று நடக்கும்போதெல்லாம் தொடையில் தட்டியது. இரண்டு நாள் பொறுத்துவிட்டுத் துணியைப் பிரித்தேன். விரல்நுனி அளவில் ஒரு பீங்கான் குருவி. பின்புறம் துருப்பிடித்த ஊசி.

நான் கோப்பை கழுவிய உணவகத்தில் உருளைக்கிழங்கு சீவும் கிழவர் ஒருவர் இருந்தார். குருவியைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். நாஜிக் காலத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் தெருத்தெருவாக உண்டியல் குலுக்குவார்களாம், ஏழைகளுக்கு நிலக்கரியும் கிழங்கும் வாங்க என்று சொல்லி. காசு போட்டவருக்கு இப்படி ஒரு சின்னம். அதைச் சட்டையில் குத்திக்கொண்டால் அடுத்த சந்தியில் உண்டியலோடு நிற்பவன் உங்களை விட்டுவிடுவான். குத்தாமல் நடந்தால் விடமாட்டான். மாதச் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டு, கதவில் மாட்ட ஒரு தகடு கொடுப்பார்கள். தகடு இல்லாத கதவை அயலவர்கள் கவனித்து வைத்துக்கொள்வார்கள். “யூதர்களுக்கு அதிலிருந்து ஒரு கிழங்கும் போகவில்லை,” என்று சொல்லிவிட்டுக் கிழவர் திரும்பவும் சீவத் தொடங்கினார்.

அன்றிலிருந்து சேர்க்கிறேன். ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. நான்கு நாடுகளில் பத்தொன்பது அறைகளில் இருந்திருக்கிறேன். கட்டில், அலுமாரி, ஒரு மனைவி, எதுவும் என்னோடு கடைசிவரை வரவில்லை. இவை பிஸ்கட் டின்னுக்குள் அடங்கின. ஆட்டுக்குட்டி, மரத்தில் செய்த தேவதூதன், கண்ணாடிப் பூ, காற்றாலை, மேளம் அடிக்கும் சிப்பாய் என்று வகைவகையாகச் செய்திருக்கிறார்கள். மிரட்டிக் காசு பறிப்பவனுக்கு இவ்வளவு வடிவான ஆட்டுக்குட்டி எதற்கு என்று யோசித்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஜெர்மன் சந்தைகளில் இவற்றை விற்பவர்கள் பின்னால் இருக்கும் சுவஸ்திகாவுக்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார்கள். அங்கே அதைக் காட்டினால் குற்றம். லண்டனுக்கு வந்தபின் பார்த்தால், கார் பூட் சேல் என்ற பழஞ்சாமான் சந்தையில் அதே சாமான் தேக்கரண்டிகளுக்கும் ஓடாத மணிக்கூடுகளுக்கும் நடுவே அம்மணமாகக் கிடந்தது.

மோர்டனில் எனக்கு அறை தந்தவர்கள் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்காரியை அக்கா என்பேன், அவள் புருஷனை அண்ணை. அண்ணை மினிகப் டாக்சி ஓடினார். நான் நோர்பரிக் கடைகளுக்கு வானில் அரிசியும் மரக்கறியும் இறக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய்விட்டதால் அக்காவுக்கு மிஞ்சியது பங்குக்கோவில்தான்.

அந்தக் கோவிலில் மாதம் ஒரு தமிழ்ப் பூசைக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இயேசு பிறந்த நத்தார் நாளுக்குப் பாலன் குடில் வைக்க மட்டும் விடவில்லை. காரணம் இருந்தது. முன்னொரு நத்தாருக்கு எங்கள் ஆட்கள் கோவில் மண்டபத்தில் வைத்த குடிலில் உண்மையான வைக்கோலும் உண்மையான மெழுகுதிரியும் இருந்தன. தீயணைப்புப் படை வந்துதான் பாலனை வெளியே எடுத்தது. அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு வருஷமும் கேட்டாள், ஒவ்வொரு வருஷமும் இல்லை என்றார்கள். புதிதாக வந்த போலந்துப் பாதர்தான் கடைசியில் சம்மதித்தார். பக்கப்பீடம் முழுவதும் தமிழருக்கு. ஆனால் ஏதாவது பிழைத்தால் இதுவே கடைசி, இனிக் கேட்டு வரக்கூடாது. அன்று அக்கா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதாள்.

நத்தாருக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் முதலாளி பர்மிங்காமில் களஞ்சியம் மாற்றினார். மூன்று நாள் அங்கே மூட்டை தூக்கிவிட்டு வந்து பார்த்தால், என் பிஸ்கட் டின்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அக்கா குசினியில் பற்றிஸ் பொரித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, டின்னுக்குள்ள கிடந்ததுகள் எங்க?”

“பாலன்ரை குடிலுக்குப் போயிட்டுது.”

“என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“எத்தினை தரம் போன் அடிச்சனான்? நீ எடுத்தால்தானே. ஐயோ தம்பி, என்ன வடிவான ஆட்டுக்குட்டியள்! டின்னுக்குள்ள பூட்டி வைச்சு மூச்சுமுட்டப் பண்ணிப்போட்டாய்.”

“இருவத்திநாலு ஆடு ஐசே,” என்றார் அண்ணை மேசையில் இருந்தபடி. “பெத்லகேமிலயும் அவ்வளவு நிண்டிராது.”

கோவிலுக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் வைக்கும் குடிலில் பெத்லகேம் ஒரு மாநகரம். முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம் இருக்கும், குளத்தில் வாத்து நீந்தும், சாக்கு மலையில் லொறி ஏறும். அந்த மலையெங்கும் என்னுடைய தொண்ணூற்றிரண்டு உருப்படிகளும் நின்றன. சிப்பாய்கள் மாட்டுத்தொழுவத்துக்குக் காவல். ஈயத்தில் செய்த பீரங்கி ஒன்றை அக்கா கிணறு என்று நினைத்து நிமிர்த்தி நட்டிருந்தாள். இவ்வளவையும் நான் தாங்கியிருப்பேன். மேலே வால்வெள்ளி தொங்கியது.

அது என்னுடைய கதவுத் தகடு. தட்டு அளவு. ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தாள். மற்றப் பக்கத்துக்குத் தாள் போதவில்லை. அந்தப் பக்கத்தில் இறக்கை விரித்த கழுகும் அதன் காலடியில் சுவஸ்திகாவும். ஒற்றை நூலில் கட்டியிருந்ததால் பக்கத்து ஹீட்டர் ஊதும்போதெல்லாம் அது மெல்லச் சுற்றியது. வெள்ளி, கழுகு. வெள்ளி, கழுகு. குடிலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி முழங்காலில் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காலம், கண்ணை மூடியிருந்தாள்.

தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன்.

“இது சைவக்காரரின்ரையெல்லே?” என்றாள். “கடைக் கலண்டரில பிள்ளையாருக்குப் பக்கத்தில கிடக்கிறது.”

“இல்லையக்கா. இது ஜெர்மன்காரன்ரை நாஜிச் சின்னம்.”

“சைவக்காரரின்ரை எண்டாலும் பரவாயில்லை. பாலனைப் பாக்க வந்த மூண்டு இராசாக்களும் கிழக்கையிருந்து வந்த ஆக்கள்தானே. கத்தோலிக்கரே அவையள்?”

“அக்கா, கேளுங்கோ. இந்தச் சின்னத்தைக் குத்திக்கொண்டுதான் ஆக்களைக் கூட்டங்கூட்டமாக் கொலை செய்தவங்கள்.”

அவள் பொரிகரண்டியைப் பிடித்தபடி படத்தைத் திரும்பவும் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: “ஆடுமோ கொலை செய்தது?”

“எல்லாத்தையும் எடுத்துவிடுவம்.”

“ஏலாது. காலமை பாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுப்போட்டார். மந்திரிச்சதைத் தை மாதம் மூண்டு இராசாக்கள் திருநாள் முடியமுந்தி எடுக்கிறது பாலனிட்டைக் களவெடுக்கிற மாதிரி. ஒண்டில கை வைச்சுப் பார் நீ.”

“அதோட வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு பாதருக்கெல்லாம் பெரியவர், ஆயர் வாறார்,” என்றார் அண்ணை. “குடில் பாக்கவெண்டே வாறாராம்.”

பாதரிடம் போய்ச் சொன்னால் பக்கப்பீடம் போய்விடும். சொல்லாமல் விட்டால் அந்தப் போலந்துக்காரரே ஒரு நாளைக்கு அண்ணாந்து பார்ப்பார், அன்றைக்கும் பக்கப்பீடம் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாக எனக்குப் பட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற மூளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. சனிக்கிழமை மத்தியானம், பாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் முழங்காலில் இருந்தேன்.

கடைசியாகச் செய்தது எப்போது என்று பாதர் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் என்றேன். பொய், கோபம், ஒரு மோதிர விஷயம், எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பாவமாகக் குடிலைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல அரை மணித்தியாலம் பிடித்தது.

பாதர் வலைத்தட்டிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு கேட்டார்: “என்னுடைய கோவிலிலா?”

“பக்கப்பீடத்தில், பாதர்.”

“எத்தனை?”

“தொண்ணூற்றிரண்டு. வால்வெள்ளியோடு தொண்ணூற்றுமூன்று.”

“அதை நான் மந்திரித்தேன்,” என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல. “இதை ஏன் இங்கே வந்து சொல்கிறீர்?”

“இங்கே சொன்னால் நீங்கள் ஒருவருக்கும் சொல்ல முடியாது. ஒன்றும் செய்யவும் முடியாது.”

அவருடைய கதிரை கிரீச்சிட்டது. “தயவுசெய்து என் அறைக்கு வந்து இதையே இன்னொரு தடவை சொல்லும். ஒரே ஒரு தடவை.”

“சொன்னால் குடிலை எடுத்துவிடுவீர்களா?”

“உடனே.”

“அப்படியென்றால் சொல்லமாட்டேன், பாதர்.”

தன் ஊருக்கு அந்தச் சின்னத்தோடு வந்தவர்கள் கோவிலில் குதிரை கட்டினார்கள் என்று அவர் சொன்னார். தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் வேறு என்ன சொல்வது? கடைசியில் பரிகாரம் கொடுத்தார். ஆயர் வருவதற்குள் அந்தச் சின்னம் எவர் கண்ணிலும் படாதபடி நான் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படி என்பது என் பாடு. அதோடு மூன்று அருள்நிறை மரியே செபம்.

மந்திரித்ததை வெளியே எடுக்கக்கூடாது, சின்னமும் தெரியக்கூடாது. மலிவுக் கடையில் பச்சை நகப்பூச்சு நாலு போத்தல் வாங்கினேன். புல்லுக்குப் பொருந்தும் என்றுதான் பச்சை. ஒவ்வொரு நாளும் வான் வேலை முடிந்ததும் குடிலுக்குள் படுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்புறத்தில் பூசி, காயும்வரை ஊதி, நின்ற இடத்திலேயே வைத்தேன். வால்வெள்ளிக்கு இன்னொரு நூல் கட்டிச் சுற்றாமல் நிறுத்தினேன். இவற்றைச் சேர்ப்பவர்கள் எவரும் முதலில் பார்ப்பது பின்புறத்தைத்தான். எந்தப் பட்டறை, எந்த ஊர், எல்லாம் அங்கேதான் இருக்கும். இருபத்தைந்து வருஷமாக என்னோடு வந்த அந்தக் குருவிக்கும் பூசினேன். அதற்கு மட்டும் இரண்டு தரம் ஊதினேன்.

என் கால்கள் இரண்டும் பக்கப்பீடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பங்கு மக்கள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டார்கள். ஓர் ஐரிஷ்காரி என் சப்பாத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அழுதாள். “தம்பி திருந்திட்டான்,” என்று அக்கா எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னாள். பாதர் மட்டும் அந்தப் பக்கம் வருவதைத் தவிர்த்தார். ஒருநாள் நேருக்கு நேர் சந்தித்துவிட்டோம். அவர் என் பச்சை விரல்களைப் பார்த்தார். “மழை வரும்போல் இருக்கிறது,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

ஆயர் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் வாசலில் மாலையோடு நின்றார்கள். எங்களில் எந்த விழா என்றாலும் பெரியவர் வந்தால் மாலை போட வேண்டும், நெஞ்சில் ஒரு பாட்ச் குத்த வேண்டும். குத்தாவிட்டால் வந்தவரை வந்தவராகவே கணக்கெடுக்கவில்லை என்று அர்த்தம். அக்கா இரவிரவாக இருந்து பட்டு ரிப்பனில் பாட்ச் செய்திருந்தாள். அதைக் கொண்டுவர வேண்டியது அண்ணையின் வேலை.

“ரிப்பன் எங்கயப்பா?”

அண்ணை எல்லாப் பைகளையும் தடவினார். “வீட்டில, ரீவிக்கு மேல.”

“ரீவிக்கே குத்தப்போறியள்?”

ஆயரின் கார் உள்ளே திரும்பிவிட்டது. அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நேரே பக்கப்பீடத்துக்கு நடந்துபோய், மலையில் நின்ற மேளகாரனைப் பிடுங்கினாள். பீங்கானில் செய்த சிப்பாய். பின்னால் ஊசி இருக்கிறதே.

“அக்கா! மந்திரிச்சதை எடுக்கக்கூடாதெண்டனீங்கள்!”

“ஆயருக்கு எடுக்கலாம். அவரும் மந்திரிச்ச ஆள்தானே,” என்று சொல்லிக்கொண்டே போய் ஆயரின் நெஞ்சில் குத்திவிட்டாள்.

மேளகாரனுக்குப் பூசினேனா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. பூசை முழுவதும் யோசித்தேன். பூசைக்கு மேலங்கி மாட்டியபோது யாரோ அவனைக் கழற்றி அதன்மேல் குத்திவிட்டிருந்தார்கள். ஆயர் கையை உயர்த்தும்போதெல்லாம் அவனும் உயர்ந்தான். பீடத்தில் பக்கத்தில் நின்ற பாதரின் முகம் மெழுகுதிரி நிறத்துக்கு வந்துவிட்டது. பிரசங்கத்தில் ஆயர் எங்கள் குடிலைப் பற்றித்தான் பேசினார். உலகத்து மக்களும் மிருகங்களும் ஒரே மலையில், என்றார்.

பிறகு மண்டபத்தில் தேநீரும் பற்றிஸும். அக்கா ஆயரை விட்டு ஓர் அடி விலகவில்லை. அடுத்த வருஷமும் பக்கப்பீடம் தரலாம் என்பதை அவருடைய வாயால் வரவைக்க நின்றாள். ஆயர் கேட்டுக்கொண்டே மேளகாரனைக் கழற்றினார். முன்னால் பார்த்து ரசித்தார். திருப்பினார். பச்சை. பூசியிருக்கிறேன். எனக்கு மூச்சு வந்தது.

அந்த மனிதருக்கு விரல் சும்மா இருக்காத பழக்கம். அக்கா பேசப் பேச, பெருவிரல் நகத்தால் பச்சையைச் சுரண்டத் தொடங்கினார், லொத்தர் சீட்டுச் சுரண்டுவதுபோல. முதலில் ஒரு கோடு வந்தது. அது ஒரு மூலையில் திரும்பியது.

“அடுத்த வருஷம் இன்னும் பெரிசா வைப்பம், ஆண்டவரே,” என்றாள் அக்கா ஆங்கிலத்தில்.

ஆயர் சுரண்டுவதை நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “இது என்ன?”

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தில் வாய் பாதி திறந்திருந்தது. பாதர் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். நான் நடுவே புகுந்து, அவை என்னுடையவை, எந்தக் காலத்துச் சாமான், என்ன சின்னம், வீட்டுக்கார அம்மாவுக்கு அது சைவக்காரரின் கலண்டரில் வரும் சின்னம்போலத் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தில் பற்றிஸ் கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆயர் பாதரிடம் திரும்பினார். “உமக்கு இது தெரியுமா?”

தெரியும் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. தெரியாது என்று சொன்னால் பொய். பாதர் கூரையைப் பார்த்தார். “மண்டபம் இன்றைக்குச் சூடாக இருக்கிறது,” என்றார்.

“நான் கேட்டது அதுவல்ல.”

“ஹீட்டர் புதியது,” என்றார் பாதர். நெற்றியில் வியர்வை ஓடியது.

“அவர் சொல்ல முடியாது,” என்றேன். “நான் தொட்டிக்குள் வைத்துச் சொன்னேன். வேண்டுமென்றே அங்கே சொன்னேன். வெளியே வந்து சொல்லச் சொல்லிக் கெஞ்சினார், நான்தான் மாட்டேன் என்றேன்.”

ஆயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படி ஒரு பாவத்தை அவர் முன்னே பின்னே கேட்டிருக்கமாட்டார். பிறகு மேளகாரனை ஒரு கடதாசித் துவாலையில் சுற்றி என் கையில் வைத்தார். “பின்னேரப் பூசைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுங்கள்.”

“மந்திரிச்சது, ஆண்டவரே,” என்றாள் அக்கா.

ஆயர் பக்கப்பீடம் இருந்த திசையைப் பார்த்துக் கையை ஒருதரம் அசைத்தார். “இனி மந்திரித்தது இல்லை,” என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்த வருஷத்தைப் பற்றி ஆயர் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பங்குப் பாதர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நானும் அண்ணையும் சேர்ந்து மலையைக் காலி செய்தோம். மாதாவும் சூசையப்பரும் ஒரு மாடும் கண்ணாடிக் குளமும் மிஞ்சின. அக்கா கடைசி வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தாள். “புதுவருஷத்துக்கு முந்தி வேற இடம் பார்,” என்றாள். மனோர் பார்க்கில் ஓர் அறை கிடைத்தது. ஜன்னல் சரியாக மூடாது. வாடகை பரவாயில்லை. பச்சை முதுகு உருப்படிகளை இனி எந்தச் சேகரிப்பாளனும் தொடமாட்டான். அவை கட்டிலுக்குக் கீழே கிடந்தன.

அடுத்த கார்த்திகை மாதம் அண்ணை போன் எடுத்தார்.

“ஐசே, வான் இருக்கோ? உன்ரை அக்கா பாதரிட்டை ஆடு காட்டப்போறா.”

“என்ன ஆடு?”

“பக்கப்பீடம் தரலாமாம். ஆனால் வைக்கிற சாமான் ஒவ்வொண்டையும் முந்தியே கொண்டுவந்து ரெண்டு பக்கமும் காட்டவேணுமாம். நீயும் வரவேணுமெண்டு பாதர் சொல்லிப்போட்டார். இவவுக்கு விருப்பமில்லை. வா.”

மூன்று பெரிய பைகள் நிறையப் பிளாஸ்டிக் மிருகங்கள். வழியெல்லாம் அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாதரின் மேசையில் அவள் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினாள். பாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் ஆட்டை எடுத்துக் கவிழ்த்தார். வயிற்றில் ஏதோ எழுத்து.

“இது என்ன?”

“சீனா, பாதர்,” என்றாள் அக்கா.

பாதர் ஆட்டை என்னிடம் நீட்டினார். இது தொட்டியில்லை, அவருடைய அறை. இங்கே என்னிடம் எதையும் கேட்கலாம். “நல்லதா?”

பார்த்தேன். “நல்லது.” அவர் அதை மேசையின் வலது பக்கம் வைத்தார். பிறகு மாடு, கழுதை, ஆட்டிடையன், இன்னும் பன்னிரண்டு ஆடுகள். கவிழ்ப்பார், நீட்டுவார், நான் பார்ப்பேன், வலது பக்கம் போகும். அக்கா ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒட்டகம் வந்தபோது நான் வயிற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப்போனேன்.

“நல்லாப் பார்,” என்றாள் அக்கா, பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. “காலிடுக்கையும் பார்.”

காலிடுக்கையும் பார்த்தேன்.